ஐயாவின் மூத்த பிள்ளை

— தலையக் குனிடா கியெம்.

— குனிய மாட்டேன் லாம் பெரியப்பா. அந்த வெள்ளத் துணிய மொதல்ல மடிச்சு உள்ள வைங்க.

— உங்கப்பன் போனப்ப மட்டும் ஓடி வந்து குனிஞ்சியே?

— அவரு எங்கப்பா. இது திமிங்கிலம்!

— ஸ்ஸ்! வாயக் கழுவு. அவரு தாத்தன் பூட்டன் எலும்பெல்லாம் அடுக்கி வச்சிருக்கற கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசற? ஐயான்னு சொல்லு.

— ஐயா, ஐயா. வாய் தவறிடுச்சு. ஆனா நான் ஐயாவோட மூத்த மகன் இல்ல. சத்தியமா இல்ல.

— ஐயா கரையில வந்து உசுர விட்டா, மொதல்ல கண்டவன்தான் மூத்த மகன். அவன்தான் தலையில துக்கத்துக்கு வெள்ளத் துணி கட்டிக்கிட்டு, பெத்த அப்பனுக்குச் செய்யற மாதிரி எல்லாம் செய்யணும். நம்ம பாய் நோம் ஊருல தோணி விட ஆரம்பிச்ச நாள்லேருந்து இதான் மொற. இத நான் உனக்குச் சொல்லணுமாடா? தெனம் கோயில் வாசல்ல குடையப் பிடிச்சுக்கிட்டு ஊரு ஒலகத்துக்கே சொல்லிக் குடுக்கறவன் நீ.

— கொடி பெரியப்பா. குடை இல்ல. கைடுன்னா கையில கொடி.

— ஏதோ ஒண்ணு. குனி.

— மொதல்ல பாத்தது நானில்ல. அந்த ஹனோய் வாத்தியாரு! வெளிய நிக்கறாரே, தொப்பி போட்டுக்கிட்டு, கேமராவ வயித்துல தொங்கவிட்டுக்கிட்டு, அவரு. நான் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உப்புக் கிடங்கப் பத்திச் சொல்லிட்டிருக்கேன். ‘அன்பார்ந்த விருந்தினர்களே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இந்தச் சுவர்களுக்குள்ளேதான்...’ன்னு எடுக்கறேன். அவரு என் தோளுக்கு மேல கைய நீட்டி, ‘அடேங்கப்பா, எவ்வளவு பெரிய மீன் செத்துக் கெடக்கு!’ங்கறாரு.

— சரி. நீ என்ன பண்ண?

— என்ன பண்ணுவேன், திரும்பிப் பாத்தேன்.

— பாத்துட்டு?

— பாத்துட்டு... ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாமயா கூட்டம் மொத்தமும் சாட்சி சொல்லுது? என்ன சொன்ன?

— அது தொழில் பழக்கம் பெரியப்பா!

— என்ன சொன்னன்னு கேட்டேன்.

— ‘மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில் மீன் என்று சொல்லக் கூடாது, ஐயா என்று சொல்ல வேண்டும். ஐயா கரை சேர்ந்துவிட்டார்.’

— குனிடா தலைய.

— பெரியப்பா! அவரு எனக்கு முன்னாடியே பாத்துட்டாரு!

— அவரு மீனப் பாத்தாரு. நீ ஐயாவப் பாத்த. எங்கப்பா காலத்துல ஒருத்தன், தோணிதான் கவுந்து கெடக்குதுன்னு நெனச்சு, ஐயா முதுகு மேல உக்காந்து ஒரு சுருட்டு முழுக்கக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவனுக்கா கட்டுனோம் துணிய? பின்னால வந்து ‘ஐயா’ன்னு அலறினான் பாரு, அவனுக்குத்தான் கட்டுனோம். கண்ணு பாத்தா பத்தாது, வாய் சொல்லணும்.

— வாத்தியாரு ஆசைப்படறாரு பெரியப்பா. ‘நானே மூத்த மகனா இருந்துட்டுப் போறேன், துக்கத்துக்குப் போடற வைக்கோல் தொப்பியெல்லாம் குடுப்பீங்களா’ன்னு கேக்கறாரு. பேரப்புள்ளைங்களுக்குப் போட்டோ அனுப்பணுமாம்.

— எத்தன கிலோ இருக்கும்னு கேட்டாரு அந்தாளு. என் காதுபடக் கேட்டாரு. அப்பன் செத்துக் கெடக்கறப்ப எத்தன கிலோன்னு கேக்கறவன் மகனா?

— எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்!

— தெரியும்.

— மூணு வருஷம் துக்கம்னா, மூணு வருஷத்துக்குக் கல்யாணம் கெடையாது!

— அதுவும் தெரியும். வாசப்பலகையில எழுதியிருக்கு. எழுதினதே நீதான்.

— அது... பெரியப்பா, நமக்குள்ள பேசுவோம். உங்கப்பா காலத்துல நூறு நாள்தானே? நூறாம் நாள் துணிய அவுத்துட்டு அவனவன் வலைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவான்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க.

— சொன்னேன். நீ என்ன பண்ண? ‘நூறு நாள்னா ஒரு கெத்து இல்ல பெரியப்பா, கேக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்’னு மூணு வருஷமாக்கின. முடி வெட்டக் கூடாதுன்ன. பல்லு தெரியச் சிரிக்கக் கூடாதுன்ன. அடுத்தவங்களச் சிரிக்க வைக்கக் கூடாதுன்ன.

— அது அன்னிக்கு நல்ல மழை. கொரியாக்காரங்க கூட்டத்த எங்கயும் கூட்டிட்டுப் போக முடியல. பொழுது போகணுமேன்னு ரெண்டு சேத்தேன்.

— இப்ப இருக்கற எளவட்டத்துல பாதிப் பேருக்கு இந்தச் சடங்கு தெரிஞ்சதே உன் டூர்லதான். தோணிக்காரப் பசங்க எல்லாம் காலையிலேருந்து வாசல்ல நின்னு கேக்கறானுங்க, ‘மூத்த மகன் மூணு வருஷம் துக்கம் காப்பாருல்ல? கொறைஞ்சா கடல் கொந்தளிக்கும்ல?’ன்னு. நூறு நாள்னு நான் சொன்னா என்னையத் தூக்கிக் கடல்ல போட்ருவானுங்க.

— நீங்க கோயில் பெரியவரு. நீங்க சொன்னா கேப்பாங்க.

— எப்படிடா சொல்றது? டிவிக்காரன் மைக்க நீட்டினப்ப, நானும் ‘ஆமா, மூணு வருஷம்’னு தலையாட்டித் தொலைச்சுட்டேனே.

— ஏன் ஆட்டினீங்க?

— நீதான் பின்னால நின்னு கையக் கையக் காட்டின! இந்தா பாரு, தோணி எல்லாம் கரையில கெடக்கு. மூத்த மகன் துணி கட்டினாதான் முரசு கொட்ட முடியும். முரசு கொட்டினாதான் ஐயாவுக்குச் செகப்புத் துணி போத்தி அடக்கத்துக்கு எடுக்க முடியும். சாயங்காலம் தண்ணி ஏறிடும். அதுக்குள்ள ஆகணும்.

— கொஞ்சம் யோசிக்க விடுங்க.

— யோசி. யோசிக்கறப்பவே ஒண்ணு சொல்லு. நான் போறப்ப ஐயா கண்ணு மேல இந்தக் கட்டம்போட்ட துண்டு கெடந்துச்சு. யாரு போட்டது?

— தெரியல. நாங்க போறப்பவே கெடந்துச்சு. கடல்ல மெதந்து வந்து ஒட்டியிருக்கும்.

— கடல்ல மெதந்து வந்த துண்டு காஞ்சு கெடக்குமா? சரி விடு. ஆமா, நீ தெனம் காலையில கலங்கரை விளக்கத்துப் பக்கம்தான கொடியத் தூக்கிட்டுப் போவ? இன்னிக்கு மட்டும் ஏன் உப்புக் கிடங்குப் பக்கம்?

— லுவாதான் சொன்னா. காப்பிக் கடைக்கே தேடி வந்து, ‘அந்தப் பக்கம் ஒரே சேறு, வெளியூர்க்காரங்க வழுக்கி விழுவாங்க, உப்புக் கிடங்குப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, வெளிச்சம் அழகா இருக்கும்’னா. ஏழெட்டு வருஷத்துல மொத தடவையா என் தொழில்ல அக்கறப்பட்டா பெரியப்பா. மனசு குளுந்து போச்சு. இப்ப கல்யாணம் நின்னுருச்சுன்னு அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?

— வேண்டாம்னாலும் முழிக்கணும். வாசல்ல வந்து நிக்கறா பாரு.

— மாமா, உள்ள வரலாமா? செருப்ப வெளிய விட்டுட்டேன். மீன் நாத்தத்தத்தான் எங்க விடறதுன்னு தெரியல.

— வா பொண்ணு. கூடைய அந்தத் தூண் ஓரமா வையி. கேள்விப்பட்டியா?

— சந்தையே கேள்விப்பட்டுடுச்சு மாமா. என்ன கதைக்காரரே, அப்பா தவறிட்டாராமே? வருத்தமா இருக்கு. சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா, அழுதுட்டே வந்திருப்பேன்ல?

— லுவா, கிண்டல் பண்ணாத. நான் ஏற்கெனவே நொந்து போயிருக்கேன்.

— நான் ஏன் கிண்டல் பண்ணப் போறேன்? மூணு வருஷந்தானே? தை மாசம் வச்சோம், ‘புத்தாண்டுக் கூட்டம் வரும் லுவா, சீசன் முடியட்டும்’னீங்க. சரின்னேன். அப்புறம் வச்சோம், ‘டிவிக்காரங்க படம் எடுக்கறாங்க லுவா’ன்னீங்க. சரின்னேன். எங்கம்மா பன்னிய ரெண்டு தடவ வளத்து ரெண்டு தடவ வித்துட்டாங்க. மூணாவது பன்னி இப்ப என்னைப் பாத்தாலே மொகத்தத் திருப்பிக்குது.

— இந்தத் தடவ நான் ஒண்ணுமே சொல்லலையே! நாள் குறிச்சாச்சே!

— குறிச்ச நாள்ல நாலு பஸ் நெறைய ஆளு வருதாமே?

— யாரு சொன்னது?

— டிக்கெட் கிழிக்கற பொண்ணு எங்கிட்டதான் மீன் வாங்கறா. ‘அன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய டூர் இருக்கே அக்கா, கல்யாணம் சாயங்காலமா?’ன்னு கேட்டா. இன்னும் வீட்டுக்காரர் ஆகலம்மா, ஆவாரான்னும் தெரியலன்னேன்.

— ஏண்டா, நெசமாவா?

— இல்ல பெரியப்பா... அது வந்து... காலையில கூட்டத்த முடிச்சுட்டு மதியம் ஓடி வந்துரலாம்னு... லுவா, நானே இன்னிக்கு உங்கிட்டப் பக்குவமாச் சொல்லலாம்னுதான்...

— ‘அன்பார்ந்த மணமகளே’ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. இப்ப அந்தச் செரமமும் இல்ல. ஐயாவே வந்து தள்ளி வச்சுட்டாரு. உங்களுக்கு நிம்மதி.

— நிம்மதியா! லுவா, என்னைப் பாரு. மூணு வருஷம்!

— ரெண்டு தடவ தள்ளிப்போட்டப்ப வலிக்கல. இப்ப மட்டும் என்ன வலி?

— அப்ப தள்ளிப்போட்டது நான். வேணுங்கறப்ப வச்சுக்கலாம்னு இருந்தேன். பத்திரமா வீட்டுல இருக்கற பொருள் மாதிரி உன்ன நெனச்சுட்டேன். இப்ப என் கைய விட்டுப் போகுதுன்னதும்தான்... வெள்ளத் துணிய அவரு எடுத்தப்ப என் வேலை ஞாபகத்துக்கு வரல லுவா. சாயங்காலம் நீ கடைய எடுத்து வச்சுட்டு வாசல்ல உக்காந்து கால் கழுவுவியே, அதுதான் ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷம் அதத் தெருவுல நின்னு பாத்துட்டே போகணுமா? எதாச்சும் சொல்லு.

— என்ன சொல்ல? மூணு வருஷத்துல என் தலை நரைக்கும். நீங்களும் முடி வெட்டாம சாமியாரு மாதிரி ஆயிருப்பீங்க. யாரு யாருன்னு அடையாளம் தெரிஞ்சா பாப்போம். மாமா, துணியக் கட்டுங்க, தோணியெல்லாம் காத்துக் கெடக்கு. நான் கெளம்பறேன், மீன் வெயில்ல காயுது.

— லுவா!

— அப்புறம் கதைக்காரரே, உங்க கூட்டம் வெளிய நின்னு வேகுது. துணி கட்டறதுக்குள்ள அவங்களுக்கு அந்த வெங்கலக் கதவு வீட்டையாவது காட்டி அனுப்பி விடுங்க. உங்க கதைங்கள்லயே எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்.

— வெங்கலக் கதவு வீடா? யாருக்கு இப்ப வெங்கலக்... பெரியப்பா!

— என்னடா, ஏன் கத்தற?

— வெங்கலக் கதவு வீடு! மீன்சாறு முதலாளி செத்துப்போயிட்டாரு. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. துக்கம் ஆரம்பிச்சா கல்யாணம் நின்னுரும். அதனால செத்த சேதிய வெளிய விடாம, அவர உள்ரூம்ல படுக்க வச்சு, ‘மாமனார் தூங்குகிறார், மெதுவாகப் பேசுங்கள்’ என்று சொல்லி, முன்கூடத்தில் வெற்றிலை பாக்கு மாற்றி, அன்பார்ந்த விருந்தினர்களே...

— டேய், நான் விருந்தினர் இல்ல.

— துக்கத்த முந்தற கல்யாணம்! கல்யாணத்த முடிச்சுட்டு அப்புறம்தான் சேதி சொன்னாங்க, அப்புறம்தான் துணி கட்டினாங்க! நாடு முழுக்க உள்ள வழக்கம்தானே பெரியப்பா?

— இதுவும் நீ மழைக்குச் சேத்த கதையா?

— இது நெசம்!

— நெசந்தான். அந்த மாப்பிள்ள எங்க தாத்தா. மாமனாரு ஏன் கொறட்ட விடலன்னு மட்டும் கேட்டாராம்.

— அப்ப முடியும்! முரசு இன்னும் கொட்டல. துணி இன்னும் கட்டல. கோயில் கணக்குப்படி ஐயா இன்னும்...

— இன்னும்?

— தூங்கறாரு.

— கரை முழுக்க ஊரே கூடி நிக்குதேடா.

— பெத்த அப்பனுக்கே செய்யலாம்னா ஐயாவுக்கு ஏன் செய்யக் கூடாது? மூத்த மகன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப மூத்த மகனுக்கு உள்ள சலுகையும் உண்டுல்ல?

— ம்ம்... அதுல மொற தப்பல. சாயங்காலம் தண்ணி ஏறும். அதுக்குள்ள முன்னோர் மாடத்து முன்னால ரெண்டு பேரும் கும்பிட்டு, வெத்தல பாக்கு மாத்தி, பெரியவங்களுக்கு டீ ஊத்திக் குடுத்துட்டா கல்யாணம் ஆச்சு. அதுவரைக்கும் முரசுத் தோல் நமுத்திருக்கு, காய வைக்கறேன்னு தோணிக்காரனுங்ககிட்டச் சொல்லிக்கறேன். ஆனா பொண்ணு சம்மதிக்கணுமே. படியில நின்னுக்கிட்டு இருக்கா, கேளு.

— லுவா! போகாத! இங்க வா! லுவா, அன்பிற்குரிய...

— அந்தக் குரல் வேணாம். அது ஆளுக்கு இவ்வளவுன்னு டிக்கெட் போட்டு விக்கற குரல். எனக்கு உங்க குரல் வேணும்.

— இன்னிக்கே என்னைக் கட்டிக்க லுவா.

— இன்னிக்கேவா? உங்களுக்கு மதியம் ஒரு டூர் இருக்குமே?

— டூர் கெடக்கட்டும்.

— நாலு பஸ்ஸு?

— பஸ்ஸு நேரா கடலுக்குள்ள போகட்டும். இன்னிக்குக் கட்டிக்க. எனக்குப் பயமா இருக்கு, நீ இல்லாம.

— மாமா, நீங்க சாட்சி. அவரா கேக்கறாரு. நான் கேக்கல.

— சாட்சி, சாட்சி.

— சரி, கட்டிக்கறேன். நின்னு பல்லக் காட்டாதீங்க, ஓடுங்க. உங்கம்மாகிட்டச் சொல்லுங்க, மாடத்தத் தொடச்சு விளக்கேத்தச் சொல்லுங்க. அந்த மஞ்சச் சட்ட மட்டும் போட்டுட்டு வந்துராதீங்க.

— இதோ ஓடறேன்! பெரியப்பா, முரசுகிட்ட யாரையும் விடாதீங்க! அன்பார்ந்த விருந்தினர்களே! சுற்றுலா இத்துடன் நிறைவு பெற்றது! ஐயா ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார், சத்தம் போடாதீர்கள்! அனைவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்! வாத்தியாரே, நீங்கதான் மாப்பிள்ளைத் தோழன்! அந்தத் தொப்பியக் கழட்டுங்க!

— ஓடறதப் பாரு. ஒத்தச் செருப்போட ஓடறான். சரி பொண்ணு, கூடைய எடு. ஏன், கனமா இருக்கா?

— இல்ல மாமா, நான் தூக்கிக்கறேன்.

— மீனுக்கு மேல வாழை எல. வாழை எலைக்குக் கீழேருந்து எட்டிப் பாக்குதே, பாக்குக் கொலதான அது?

— அது... சந்தையில மலிவா கெடச்சுது.

— கல்யாணச் செகப்புத் துணியும் மலிவா கெடச்சுதா? இந்தா, இதையும் கூடையில போட்டுக்க. ஐயா கண்ணு மேல கெடந்த துண்டு. கட்டம்போட்டது. ஓரத்துல நீலநூல் வச்சுத் தச்சது. உன் தலையில தெனம் இதப் பாக்கறேன். இன்னிக்குத்தான் வெறுந்தலையோட வந்திருக்க.

— மாமா...

— உப்புக் கிடங்குப் பக்கம் போகச் சொன்னதும் நீ. வெங்கலக் கதவ எடுத்துக் குடுத்ததும் நீ. உக்காரு. எப்ப பாத்த?

— கெழக்கு வெளுக்கறப்ப மாமா. தோணி வர்ற நேரம், மீன் எடுக்கப் போனேன். நேத்து சாயங்காலம்தான் இங்க வந்து ஊதுவத்தி ஏத்தி, ‘ஐயா, புயல்ல மாட்டினவனையெல்லாம் முதுகுல தாங்கிக் கரை சேக்கறவரு நீங்க. என்னையும் ஒரு கரையில சேத்து விடுங்க, இந்த மனுஷன் மூணாவது தடவையும் தள்ளிப்போடப் போறான்’னு அழுதுட்டுப் போனேன். விடிஞ்சு பாத்தா அவரே வந்து படுத்திருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எனக்காகவா வந்தாருன்னு நெனச்சு விம்மி விம்மி அழுதேன் மாமா. அது நடிப்பில்ல.

— தெரியுது. அப்புறம்?

— கண்ணத் தொறந்தபடியே இருந்தாரு. துண்ட எடுத்து மூடினேன். மன்னிப்புக் கேட்டேன். அவரு காது எங்க இருக்குன்னு தெரியல, அதனால ரெண்டு பக்கமும் போயிக் கேட்டேன். அப்புறம் நேரா காப்பிக் கடைக்குப் போனேன். கூட்டத்துல எவனாச்சும் மீன்னு சொல்லுவான், நம்மாளு திருத்துவாரு. திருத்தாம இருக்க அவரால முடியாது மாமா. எங்கிட்ட மொத மொதப் பேசினதே திருத்தத்தான். எங்கடைப் பலகையில ஒரு எழுத்து தப்பாம்.

— கெட்டிக்காரிதான். ஆனா பொண்ணு, இதுல எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. மொறன்னு ஒண்ணு இருக்குல்ல? மொதல்ல கண்டது நீ. இந்த ஊருல பொறந்தவ, தோணிக்காரன் மக, ஐயாவ ஐயான்னு தெரிஞ்சு கண்டவ. அப்ப இந்த வெள்ளத் துணி உன் தலைக்குத்தான் வரணும். அவனுக்குக் கட்டினா நான் ஐயாவையே ஏமாத்தினதா ஆயிடும். நீதான் மூத்த பிள்ள.

— எப்படி மாமா ஆகும்? அவரப் பாத்ததும் நாக்கக் கடிச்சுக்கிட்டு, மனசக் கல்லாக்கிக்கிட்டு, கரையே கேக்கற மாதிரி, ‘அடேங்கப்பா, எவ்வளவு பெரிய மீனு!’ன்னுல்ல சொன்னேன் நான்.